சம்டர் கோட்டைக்குப் போகும் வழி: அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய கதையைப் படிக்க ஒரு வழிகாட்டி

1861 ஏப்ரல் 12, விடிகாலை நாலரை மணி. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், ஜான்சன் கோட்டைப் பக்கமிருந்து ஒரு குண்டு வளைந்து மேலேறி சம்டர் கோட்டைக்கு மேலே வெடித்தது. அமெரிக்காவை விட்டு விலகிய தென் மாநிலங்களின் படை கோட்டையைச் சுற்றி நிறுத்தியிருந்த மற்ற பீரங்கிகளுக்கு ‘ஆரம்பிக்கலாம்’ என்று சொன்ன சைகை அது. அடுத்த 34 மணி நேரம் விடாத அடி. கோட்டைக்குள் இருந்த அமெரிக்க அரசின் சிப்பாய்கள் சுமார் 85 பேர். கட்டடங்கள் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி, மறுநாள் பிற்பகலில் சரணடைந்தார்கள். அவ்வளவு குண்டு விழுந்தும் எதிரியின் குண்டுக்கு இரு பக்கமும் யாரும் பலியாகவில்லை. 14ஆம் தேதி கோட்டையை விட்டுக் கிளம்புமுன் தங்கள் கொடிக்கு மரியாதையாக நூறு வேட்டுப் போட அனுமதி கேட்டு வாங்கியிருந்தார்கள். பாதியில் வெடிமருந்து தவறி வெடித்து டேனியல் ஹஃப் என்ற சிப்பாய் இறந்தார். வேட்டு ஐம்பதோடு நின்றது. குறைந்தது ஆறு லட்சம் பேரைத் தின்ற போரில் அந்தக் கோட்டையின் முதல் சாவு மரியாதை வேட்டில் நடந்தது.

கதைசொல்லிக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் 150 வருடம் கழிந்தும் இந்த ஒரு தொடக்கத்தைப் பற்றி மட்டும் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ‘எதில் ஆரம்பிப்பது?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை கீழே இருக்கிறது. நான் அந்த வரிசையில் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகக் கடையில் ஷெல்பி ஃபூட் எழுதிய மூன்று தொகுதிகளில் இரண்டாவது மட்டும் கிடைத்தது. கிடைத்ததே பெரிது என்று தூக்கிக்கொண்டு வந்தேன். திறந்து பார்த்தால் போர் பாதி முடிந்திருந்தது. யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை என்று புரியாமலே இருநூறு பக்கம் போனேன்.

முதலில் ஒரு தாள், ஒரு பென்சில்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் தாளின் இடது பாதியில் துறைமுகத்தை வரைந்துகொள்ளுங்கள். கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்த வாய் மாதிரி ஒரு வடிவம். மேல் தாடையில் மோல்ட்ரி கோட்டை. கீழ்த் தாடையில் மாரிஸ் தீவு. வாய்க்கு நடுவே ஒற்றைப் பல்லாக சம்டர். உள்ளே தொண்டைக்குழியில் சார்ல்ஸ்டன் நகரம். தெற்குப் பக்கம், நகரத்துக்கும் சம்டருக்கும் இடையில் ஜான்சன் கோட்டை. கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ‘அமெரிக்க அரசின் தளபதி ஆண்டர்சன் ஏன் மோல்ட்ரியை விட்டு சம்டருக்குப் போனார்?’ என்ற கேள்வி இந்தப் படம் இல்லாமல் புரியாது. மோல்ட்ரியைத் தரைப் பக்கமிருந்து எளிதாகப் பிடித்துவிடலாம்; சம்டரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர்.

வலது பாதியில் தேதிகள். 1860 நவம்பர் 6, லிங்கன் தேர்தலில் ஜெயிக்கிறார். நான்கு முனைப் போட்டி. அவருக்கு விழுந்தது 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்கு. டிசம்பர் 20, தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து, அதாவது அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து, விலகுகிறது; மாநாட்டில் 169 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். டிசம்பர் 26 இரவு, மேஜர் ராபர்ட் ஆண்டர்சன் தன் ஆட்களோடு மோல்ட்ரியிலிருந்து சம்டருக்கு ரகசியமாக மாறுகிறார். ஜனவரி 9, அவருக்கு ஆளும் பொருளும் கொண்டுவந்த ‘ஸ்டார் ஆஃப் தி வெஸ்ட்’ கப்பலைச் சுட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பிப்ரவரி 1க்குள் ஏழு மாநிலங்கள் விலகியாயிற்று. பிப்ரவரி 18, விலகிய மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்கிறார். மார்ச் 4, வாஷிங்டனில் லிங்கன். பதவியேற்ற கையோடு அவருக்கு வரும் செய்தி, சம்டரில் சாப்பாடு இன்னும் ஆறு வாரத்துக்குத்தான் தாங்கும் என்பது. ஏப்ரல் 12, குண்டு. ஏப்ரல் 15, லிங்கன் 75,000 வீரர்களைக் கேட்கிறார். அதற்குப் பிறகு வர்ஜீனியா உட்பட இன்னும் நான்கு மாநிலங்கள் விலகுகின்றன. ஆக 11.

இந்தத் தாளைப் புத்தகத்துக்குள் அடையாளச் சீட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

முதல் புத்தகம் கதையாக இருக்கட்டும்

கூச்சப்படாமல் விறுவிறுப்பான ஒன்றை எடுங்கள். எரிக் லார்சன் 2024இல் வெளியிட்ட ‘தி டீமன் ஆஃப் அன்ரெஸ்ட்’ நம் தாளில் உள்ள அதே காலத்தைத்தான் சொல்கிறது, லிங்கனின் வெற்றியிலிருந்து சம்டரின் வீழ்ச்சி வரை. சின்னச் சின்ன அத்தியாயங்கள். ஆண்டர்சனின் கோட்டைக்குள் ஒரு காட்சி, வாஷிங்டனில் ஒரு காட்சி, சார்ல்ஸ்டன் சீமாட்டிகளின் வரவேற்பறையில் ஒரு காட்சி என்று மாறிமாறிப் போகும். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்ததைப் பார்த்த அதிர்ச்சி இந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இருப்பதை ஆசிரியரே முன்னுரையில் சொல்கிறார்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆசிரியரின் நாற்காலி பெரும்பாலும் தோட்ட முதலாளிகளின் வீட்டில்தான் போடப்பட்டிருக்கிறது. அவர்களுடைய கௌரவம், ரோஷம், விருந்து எல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த விருந்தைச் சமைத்தவர்கள் எட்டத்தில்தான் தெரிகிறார்கள். 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். தென் கரோலினாவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். படிக்கும்போது இந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இன்னொரு தேர்வு ஆடம் குட்ஹார்ட்டின் ‘1861’. 2011இல் வந்தது. இது வடக்கிலிருந்து பார்க்கிறது; ‘போனால் போகட்டும்’ என்றும் ‘ஏதாவது சமரசம் பண்ணிக்கொள்ளலாம்’ என்றும் இருந்த சாதாரண மனிதர்கள் எப்படி ஒரு சில மாதத்தில் மனம் மாறினார்கள் என்பதுதான் கதை. லார்சனைவிட நடை மெதுவாக இருக்கும். கையில் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஒரு விரலைப் பின்னட்டைப் பக்கம் வையுங்கள்

ஜனரஞ்சக வரலாற்றின் சுவையே நுணுக்கத்தில்தான் இருக்கிறது. யார் என்ன உடுத்தியிருந்தார், என்ன சொல்லிப் பெருமூச்சு விட்டார் என்பதெல்லாம் வரும். அப்படி ஒரு வரி உங்களைச் சிலிர்க்க வைத்தால், உடனே பின்னால் உள்ள குறிப்புக்குப் போங்கள். ‘இது எங்கிருந்து வந்தது, எப்போது எழுதியது?’ என்று பாருங்கள். புதிதாகப் படிப்பவர்கள் எல்லாரும் தாண்டிப் போகும் வேலை இது. ஒரே ஒரு உதாரணம் காட்டுகிறேன்.

அந்த விடிகாலையைப் பற்றி எழுதும் யாரும் மேரி செஸ்நட்டை விடமாட்டார்கள். தென் கரோலினாவின் முன்னாள் செனட்டர் ஒருவரின் மனைவி. கணவர் அன்றிரவு படகில் கோட்டைக்குத் தூது போனவர்களில் ஒருவர். மேரி சார்ல்ஸ்டனில் தூங்காமல் படுத்திருக்கிறார். குண்டுச் சத்தம் கேட்டதும் கட்டிலிலிருந்து துள்ளி இறங்கி மண்டியிட்டு, வாழ்க்கையில் அதற்குமுன் ஒருபோதும் வேண்டாத மாதிரி வேண்டிக்கொள்கிறார். அப்புறம் மொட்டைமாடிக்கு ஓடுகிறார். இருட்டில் கறுப்பாக முக்காலி மாதிரி ஏதோ தெரிய அதன்மேல் உட்காருகிறார். அது புகைபோக்கி. உடையில் தீப்பிடித்து, பக்கத்திலிருந்த ஆள் சத்தம் போட்டு எழுப்பி அணைக்கிறார்.

பிரமாதமான காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் நாம் ‘நாட்குறிப்பு’ என்று படிக்கும் இந்தப் புத்தகம் பெரும்பாலும் 1880களில் அவர் உட்கார்ந்து திருத்தி எழுதியது. போரில் தோற்று, சொத்துப் போய், இருபது வருடம் கழித்து, ஒரு நாவலாசிரியரின் கையோடு செய்த வேலை. அவர் இறந்த பிறகு 1905இல்தான் முதலில் அச்சானது, அதுவும் வெட்டிச் சுருக்கி. சி. வான் வுட்வர்டு என்ற வரலாற்றாசிரியர் 1981இல் முழுப் பதிப்பைக் கொண்டுவந்து, எது அன்றே எழுதியது, எது பின்னால் சேர்த்தது என்று பிரித்துக் காட்டினார். அதற்கு மறு வருடம் புலிட்சர் பரிசும் கிடைத்தது. போரின்போதே எழுதிய அசல் குறிப்புகள் 1984இல் தனியாக வெளிவந்தன. இதனால் செஸ்நட் பொய்யாகிவிடவில்லை. ‘அன்றே எனக்குத் தெரியும்’ என்கிற தொனியில் வரும் வாக்கியங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது எப்படிக் கேட்டுக்கொள்வோமோ அப்படி.

இதே மாதிரி இன்னொன்று, சின்னது. முதல் குண்டைச் சுட்டவர் எட்மண்ட் ரஃபின் என்ற நரைமுடிக் கிழவர் என்று பல இடங்களில் இருக்கும். வர்ஜீனியாவிலிருந்து பிரிவினை வெறியோடு வந்தவர், அன்று பீரங்கி சுட்டதும் உண்மை. ஆனால் அவர் இருந்தது மாரிஸ் தீவில். சைகைக் குண்டு போனது ஜான்சன் கோட்டையிலிருந்து. உங்கள் தாளில் உள்ள படமே இதைச் சொல்லிவிடும். ஒரு புத்தகம் இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் அதன் நாணயத்தைக் கணிக்கலாம்.

அவர்களே எழுதிய காகிதத்தைப் படியுங்கள்

நீங்கள் வேறு எதைத் தாண்டினாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். காசும் ஆகாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

‘இந்தப் போர் அடிமை முறைக்காக நடந்ததா, மாநில உரிமைக்காக நடந்ததா?’ என்ற விவாதம் எங்கு போனாலும் உங்கள் எதிரே வரும். தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. நமக்கு ‘மாநில உரிமை’ என்றாலே மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மாநில சுயாட்சி கேட்டு வளர்ந்த ஊர். ‘மத்திய அரசா, ஒன்றிய அரசா’ என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோம். அதனால் ‘பாவம், தெற்கு தன் உரிமையைத்தானே கேட்டது’ என்று எவராவது எழுதினால் நம்மையறியாமல் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன்.

விலகிய மாநிலங்களில் நான்கு, தாங்கள் ஏன் போகிறோம் என்று காரணம் எழுதி வெளியிட்டன. தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சஸ். நான்கும் யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. மிசிசிப்பியின் அறிக்கை சுற்றி வளைக்கவே இல்லை. ஆரம்பத்திலேயே, தங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்றும், உலகத்திலேயே பெரிய பொருளாதார நலன் அதுதான் என்றும் சொல்லிவிடுகிறது. தென் கரோலினாவின் அறிக்கை இன்னும் சுவாரசியம். அதன் முக்கியமான புகாரே வட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு, தப்பி ஓடிய அடிமைகளைத் திருப்பிக் கொடுக்க மறுக்கின்றன என்பதுதான். நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிக்கொண்டு போகக்கூட விடுவதில்லை என்று நொந்துகொள்கிறது. அதாவது, அடுத்த மாநிலம் தன் உரிமையைப் பயன்படுத்தியது இவர்களுக்குக் குற்றமாகப் பட்டது. மாநில உரிமைக்காகப் போர் தொடுத்தவர்கள் எழுதும் புகாரா இது?

அடுத்து அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ். கூட்டமைப்பின் துணைத் தலைவர். 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசும்போது, தங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான், அடிமைத்தனமே அவர்களுடைய இயல்பான நிலை என்று சொன்னார். போர் முடிந்தது, தோற்றார்கள், அடிமை முறை ஒழிந்தது. இதே மனிதர் 1868இலும் 1870இலும் இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். அதில் போருக்குக் காரணம் அரசியல் சட்டத்தில் கூட்டாட்சிக்கும் மைய ஆட்சிக்கும் இருந்த முரண் என்றாகிவிட்டது. முன்னும் பின்னும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘மாநில உரிமை’ என்ற பேச்சு எப்போது தடித்தது என்று தெரிந்துவிடும்.

இதற்குத் துணையாக ஒரு சின்னப் புத்தகம்: சார்ல்ஸ் ட்யூவின் ‘அப்பாஸில்ஸ் ஆஃப் டிஸ்யூனியன்’, 2001. விலகிய மாநிலங்கள் மற்ற அடிமை மாநிலங்களுக்கு ‘நீங்களும் வாருங்கள்’ என்று தூதர்களை அனுப்பின. அந்தத் தூதர்கள் மேடையிலும் கடிதத்திலும் என்ன சொல்லி இழுத்தார்கள் என்பதுதான் புத்தகம். வரியைப் பற்றியும் சுங்கத்தைப் பற்றியும் தேடிப் பார்த்தால் அபூர்வம். இனத்தைப் பற்றிய பயம்தான் பக்கத்துக்குப் பக்கம். ட்யூ தெற்கிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் எழுதும்போது அவருக்கு வலித்ததும் தெரிகிறது. இரண்டு இரவில் முடித்துவிடலாம்.

கடிகாரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

போர் தொடங்கிய கதையைச் சொல்லும் எல்லாப் புத்தகத்திலும் உள்ளே ஒரு கடிகாரம் டிக் டிக் என்று ஓடும். இன்னும் இத்தனை நாள், இன்னும் இத்தனை மணி நேரம். நமக்கு முடிவு தெரியும், அதனால் ஒவ்வொரு சம்பவமும் அதை நோக்கியே போகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஏப்ரல் 4 அன்று, குண்டு வெடிப்பதற்கு எட்டே நாள் முன்பு, வர்ஜீனியா மாநாடு விலகல் தீர்மானத்தை ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. ஏப்ரல் 17 அன்று அதே மாநாடு விலகியது. இந்த இரண்டு தேதிக்கு நடுவே என்ன நடந்தது என்று யோசிக்க வைக்காத புத்தகம் பாதிப் புத்தகம்தான்.

இதற்கு மருந்து டேவிட் பாட்டரின் ‘தி இம்பெண்டிங் கிரைசிஸ்’. 1848இல் ஆரம்பித்து 1861இல் முடிகிறது. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட, நண்பர் டான் ஃபெரன்பாக்கர் முடித்து 1976இல் வெளியிட்டார். அடுத்த வருடம் புலிட்சர். விறுவிறுப்பை எதிர்பார்க்காதீர்கள். கன்சஸ் சட்டம், ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு, ஜான் பிரவுனின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி தாக்குதல் என்று அடிமை முறைச் சண்டையின் ஒவ்வொரு முடிச்சிலும் நின்று, இங்கிருந்து வேறு எந்த வழியில் போயிருக்கலாம் என்று கேட்பார். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும்.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஜேம்ஸ் மெக்ஃபெர்சனின் ‘பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்’ எடுக்கலாம். 1988இல் வந்த ஒற்றைத் தொகுதி, போர் முழுவதற்கும். அதில் முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்தாலும் நஷ்டமில்லை.

பருத்தி பற்றி வரும் பக்கங்களில் நம்மூர்க்காரர்கள் சற்று நிதானிக்கலாம். ‘எங்கள் பருத்தி இல்லாமல் இங்கிலாந்து பட்டினி கிடக்கும், அதனால் நம் பக்கம் வந்தே தீரும்’ என்பது தெற்கின் பெரிய கணக்கு. கணக்கு பொய்த்தது. லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்காக வேறு நாடுகளைத் தேடின. அந்த வருடங்களில் தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பஞ்சுக்கு எக்கச்சக்க விலை கிடைத்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது வேறு கதை.

பழைய பெரிய பெயர்கள்

புரூஸ் கேட்டனின் ‘தி கமிங் ஃப்யூரி’ 1961இல் வந்தது; 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு உடைந்ததில் தொடங்குகிறது. அந்த மாநாட்டுக் காட்சிகளுக்காகவே படிக்கலாம். ஷெல்பி ஃபூட் அடிப்படையில் நாவலாசிரியர். மொழி அபாரம், ஆனால் அடிக்குறிப்பே கிடையாது. விரலைப் பின்பக்கம் வைத்தால் அங்கே ஒன்றும் இருக்காது. கடைசியாகப் படியுங்கள். முக்கியமாக, இரண்டாம் தொகுதியை முதலில் வாங்காதீர்கள்.

திரும்பவும் முதல் புத்தகம்

இவ்வளவும் முடிந்தபின் முதலில் படித்த புத்தகத்தை எடுத்து ஏப்ரல் 12 அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியோடு: தாளின் ஓரத்தில் எழுதி வைத்த அந்த 40 லட்சம் பேர் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறார்கள்?

குட்ஹார்ட் அவர்களில் மூன்று பேரைப் பெயரோடு காட்டுகிறார். சம்டர் விழுந்து ஆறு வாரம்கூட ஆகாத மே மாதத்து இரவு ஒன்றில், பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் மூவரும் வர்ஜீனியாவில் ஒரு படகை எடுத்துக்கொண்டு ஒன்றியப் படையிடம் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். முதலாளி திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலில் வக்கீல். ‘நீங்கள்தான் தனி நாடு என்று போய்விட்டீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு?’ என்று சொல்லி, போரில் கைப்பற்றிய பொருள் என்ற கணக்கில் மூவரையும் வைத்துக்கொண்டார். செய்தி பரவியது. சில நாட்களில் குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள்.

சார்ல்ஸ்டனில் என்ன நடந்தது என்பதற்கு மறுபடி மேரி செஸ்நட்டிடம்தான் போக வேண்டும். குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களின் குறிப்பில், அடிமைகளான வீட்டு வேலைக்காரர்களின் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று அவர் தடுமாறுகிறார். இரவும் பகலும் காதில் இந்தச் சத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது, ஒன்றும் கேட்காத மாதிரி நடமாடுகிறார்கள் என்கிறார். இவர்கள் மந்தபுத்தியா, இல்லை நம்மைவிட விவரமானவர்களா, வாயை மூடிக்கொண்டு நேரம் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறார். லாரன்ஸ் என்ற வேலையாள் அவர்களுடைய அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், தூக்கக் கலக்கத்தோடு, வழக்கமான மரியாதையோடு.